தண்ணீர் மட்டும்

"அன்ரி, நீங்கள் கந்தசட்டி விரதம் பிடிக்கிறனீங்களோ?"

காலையிலிருந்து ஆங்கிலத்திலேயே கேட்டுக்கொண்டிருந்த வதனி, இந்த ஒரு கேள்வியை மட்டும் தமிழில் கேட்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த திருமதி பத்மநாதனின் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், விளங்காத பாஷைக்கு நடுவில் அவ்வளவு நேரமும் ஒடுங்கிப்போய் இருந்த மனுசி.

பே வீதியில், வதனி வேலை செய்யும் சட்ட நிறுவனத்தின் அறை அது. வழக்கு நீதிமன்றம் போகுமுன் இரண்டு தரப்பும் கூடியிருந்து விசாரிப்பார்கள். பதில்கள் எல்லாம் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலம் ஆங்கிலத்தில் பதிவாகும்.

மூட்டு நோவுக்குப் போட்ட குளிசை வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது என்று திருமதி பத்மநாதன் மருந்துக் கம்பனி மேல் வழக்குப் போட்டிருந்தார். வயிற்றில் பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பக்டரிக்குப் போக முடியவில்லை. புருசனின் ஒற்றைச் சம்பளத்தில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்.

வதனி கம்பனியின் வழக்கறிஞர். எப்போதும் கம்பனிகளின் வழக்கறிஞர்தான். மருந்து குடித்துக் கெட்டுப்போன எத்தனையோ பேர் அந்தக் கதிரையில் வந்து இருந்து, அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளுக்கு அது வேலை. ஆனால் தமிழ் முகம் ஒன்று வந்து இருந்தது இதுதான் முதல் தடவை.

சாப்பாட்டோடுதான் எடுக்கவேண்டும் என்று குளிசைப் போத்தலில் ஒட்டியிருந்தது. கம்பனி பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு வரியைத்தான். சாப்பிட்டுத்தான் போட்டேன் என்று திருமதி பத்மநாதன் காலையில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். பெரிய பெரிய வெள்ளைக்கார வழக்கறிஞர்களாலும் அதை அசைக்க முடியவில்லை.

அவர் இரத்தமாக வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போன தேதி அவர்கள் எல்லாருடைய கையிலும் இருந்தது. அது கந்தசட்டி முடியும் சூரன்போருக்கு அடுத்த நாள் என்பது வதனிக்கு மட்டும்தான் தெரிந்தது. அம்மாவின் குசினிக் கலண்டரில் பார்த்து வைத்திருந்தாள். என்ன கெட்டித்தனம்!

திருமதி பத்மநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறு நாளும் பிடிப்பேன் என்றார். அந்த வருடமும் பிடித்தேன், பாலும் பழமும்கூட இல்லை, தண்ணீர் மட்டும் என்றார். அந்த நாட்களில் குளிசை போட்டீர்களா என்று வதனி மெதுவாகக் கேட்டாள். ஓம், ஒவ்வொரு நாளும் விடியத் தண்ணீரோடு போட்டேன், முழங்கால் விடவேண்டுமே என்றார்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் வதனியைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார்.

திருமதி பத்மநாதனின் இளம் வழக்கறிஞனுக்கு முகம் செத்துப்போனது. இடைவேளை கேட்டு அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனான். வதனியின் மேலதிகாரி வந்து அவளுடைய தோளில் தட்டினார்.

வதனி வோஷ்றூமுக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு நின்றாள். திருமதி பத்மநாதன் உள்ளே வந்தார். வேறு யாரும் இல்லையா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

முருகன் பேரில் பொய் சொல்லிவிட்டேன், மனது கேட்கவில்லை என்றார். போத்தலில் சாப்பாட்டோடு என்று போட்டிருந்தபடியால் அந்த ஆறு நாளும் பக்டரியில் ஒளித்திருந்து இரண்டு துண்டு பாண் சாப்பிட்டுவிட்டுத்தான் குளிசை போட்டாராம். ஊரில் காணாமல்போன மகனுக்காகப் பிடித்த விரதம். வீட்டில் புருசனும் பட்டினி கிடந்தார். அவருக்கு இன்றுவரை தெரியாது. இப்போது வெளியே அந்த இளம் வழக்கறிஞன் கேட்டபோதும், கூட வந்திருந்த புருசன் பக்கத்தில் நின்றதால், பிடித்தது பிடித்ததுதான் என்று சொல்லிவிட்டாராம்.

"வெள்ளைக்காரர் கேட்டிருந்தா உள்ளதைச் சொல்லியிருப்பன் பிள்ளை. ஒரு தமிழ்ப் பிள்ளை கேக்கேக்கை, விரதத்திலை சாப்பிட்டனான் எண்டு என்னெண்டு சொல்லுறது?"

வதனிக்கு முகம் எரிந்தது. எதிரே கண்ணாடி இருந்தது. அவள் நிமிரவில்லை.

இப்போதே போய் உங்கள் வழக்கறிஞரிடம் இதைச் சொல்லுங்கள், இந்தப் பாணில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. சொல்லவேண்டியது அவ்வளவுதான். அது தொண்டைவரை வந்தது. வெளியே மேலதிகாரி யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது. வதனி அதை விழுங்கினாள். விழுங்குகிறோம் என்று தெரிந்துகொண்டேதான் விழுங்கினாள். அவளுக்கே தன்னை நினைக்க அருவருப்பாக இருந்தது.

திருமதி பத்மநாதன் அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். இது எங்கள் இரண்டு பேருக்குள்ளேயும் இருக்கட்டும், ஒருவருக்கும் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சினார்.

"ஓம் அன்ரி. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

நல்லாயிருப்பாய் என்று அவளுடைய கன்னத்தைத் தடவிவிட்டு அந்த மனுசி நிம்மதியாக வெளியே போனார்.

பனி கரையுமுன் வழக்கு முடிந்தது. திருமதி பத்மநாதனுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. வதனியை நிறுவனத்தில் பங்காளி ஆக்கினார்கள்.

கொடுத்த வாக்கை அவள் காப்பாற்றினாள்.