பூட்டிய அறையில் இருமல்

முகம்மது தம்பி வீட்டில் வயிற்றுப் புற்றுநோயாம் என்று கேள்விப்பட்ட அப்துல் ஹமீட், நோய் விசாரிக்கும் நன்மையை வேறெவரும் முந்திக்கொள்ளக் கூடாதென்று, மூக்கு ஒழுக ஒழுக மருதமுனையிலிருந்து கல்முனைக்குச் சைக்கிள் மிதித்தார்.

கதவைத் திறந்தவன் முகம்மது தம்பியின் மகன் மசூர். தலையில் தொப்பி.

"காக்கா, கொஞ்சம் தள்ளி நிண்டு..."

"இந்த நேரத்தில தள்ளி நிக்கிற ஆளாடா நான்?" ஹமீட் அவனை இறுகக் கட்டிக்கொண்டு, அவன் தோளிலேயே இரண்டு தரம் தும்மினார். "வாப்பா எங்க?"

"அறைக்குள்ள. பூட்டியிருக்கு."

உள்ளே யாரோ இருமினார்கள்.

"பாவம் மனிசன். எழுபது வயசில இப்பிடியொரு நோய் வருத்தம். திற, ஒரு ஸலாம் சொல்லிட்டுப் போறன்."

சத்தம் கேட்டு மசூரின் மனைவி றுகையா குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"மாமாக்கு ஒரு வருத்தமும் இல்ல காக்கா. வெறும் தடிமன், மூக்குச் சளிதான்."

"தடிமனுக்கா ஆளைப் பூட்டி வெச்சிருக்கீங்க?"

"ஓம்." றுகையா மசூரைக் காட்டினாள். "புத்துநோய் இவருக்குத்தான். கொழும்பில ஏத்தின மருந்தால ரெத்தத்தில வெள்ளை அணு இல்லாமப் போயிட்டு. ஒரு தடிமன் தொத்தினாலும் உசிரு தாங்காதெண்டு டொக்டர் சொன்னவர்."

ஹமீட்டின் கை இன்னும் மசூரின் தோளில்தான் இருந்தது. மூக்கு நுனிவரை வந்துவிட்ட மூன்றாவது தும்மலை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.