போர்வைக்கு ரெண்டு ஆள்

ஸ்க்ரூ டிரைவரை உருளைக்கு மேலிருந்த திருகில் பொருத்தி நாலு சுற்று சுற்றினாள் ஸ்டேஷனம்மா. ஐம்பது வருஷத்துப் பழைய வாஷிங் மெஷின். அதன் ஒவ்வொரு திருகும் அவளுக்கு அத்துபடி.

பிறகு தொட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, மேலே இருந்த இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே விட்டாள். துண்டு தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தப் பக்கம் போய்ப் பொத்தென்று விழுந்தது. உருளை துளிகூடப் பிழியவில்லை. அவளுக்குத் திருப்தி.

கையைத் துடைத்துக்கொண்டு போன் செய்தாள். மெக்கானிக் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அண்ணே, மறுபடி மக்கர் பண்ணுதுண்ணே. பிழியவே மாட்டேங்குது."

"போன வியாழக்கிழமைதானே இறுக்கிட்டு வந்தேன்? தலைக்கு மேல வேலை கிடக்கு... சரி, இருங்க, வரேன்."

முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவள் அவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு என்று அவள் வாய் திறந்தால், ஆயிரம் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தெருவில் ஸ்டேஷனம்மா என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

இப்போது அந்தக் குரலைக் கேட்க வீட்டில் ஆளில்லை. கணவர் போய் ஆறு வருஷம். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அஞ்சு நிமிஷம், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். சில நாள் சாயங்காலம் பால் பாக்கெட் வாங்கப் போய் "ஒண்ணு குடுங்க" என்பாள். அதுதான் அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சாக இருக்கும். குரல் கரகரவென்று யாருடையதோ போல வரும்.

அஞ்சு மாதத்துக்கு முன்னால் திருகு தானாகத்தான் தளர்ந்தது. கணவரின் டைரியைத் துழாவி மெக்கானிக்கின் நம்பரைப் பிடித்தாள். வந்தவர் இறுக்கிவிட்டு, "போர்வையை விட்டுப் பார்த்துடலாம். ஆனா போர்வைக்கு ரெண்டு ஆள் வேணும்" என்றார். அவள் இந்தப் பக்கம் விட, அவர் அந்தப் பக்கம் வாங்கினார். அவர் கிளம்பிப் போனபிறகுதான் கவனித்தாள், இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறாள்!

அடுத்த வியாழக்கிழமை ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தாள்.

மெக்கானிக் வந்துவிட்டார். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்துவந்த வியர்வையை ஒற்றிக்கொண்டே பையைத் திறந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. நகத்தில் ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது. மெக்கானிக்குகளில் இப்படிச் சுத்தமான மனுஷனை அவள் பார்த்ததில்லை.

இரண்டே நிமிஷத்தில் திருகு இறுகியது. அவள் போர்வையின் நுனியைச் சுருக்கமில்லாமல் உருளைக்குள் கொடுத்தாள். தண்ணீர் தொட்டிக்குள் கொட்ட, தட்டையாக வெளியே வந்ததை அவர் வாங்கி மடித்துக்கொண்டே போனார்.

"போர்வை முடிஞ்சதும் தலையணை உறையா? பட்டனை உள்ளே மடிச்சு விடுங்கம்மா. போன வாரம் ரெண்டு பட்டனை நசுக்கிடுச்சு."

"நசுக்கட்டும். பட்டன் தைக்கிற சாக்குல ஒரு பொழுது போகும்."

அவர் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

"நாளைக்குப் புது மெஷின் வருதுண்ணே. மக ஆர்டர் போட்டுட்டா. இதைக் கடைக்காரங்களே தூக்கிட்டுப் போயிடுவாங்களாம்."

"புதுசா?"

"தானே துவைச்சு, தானே பிழிஞ்சு, தானே நின்னுக்குமாம். பக்கத்துல ஆளே வேண்டாமாம்."

அந்தப் பக்கம் வாங்குகிற கை நின்றுபோனது. போர்வை உருளையையே சுற்றத் தொடங்க, மோட்டார் உறுமியது. "விடுங்கம்மா, கையை எடுங்க!" என்று கத்திக்கொண்டே நெம்புகோலைத் தட்டினார். உருளைகள் விலகின. வீடு சட்டென்று அமைதியானது.

அவர் சுற்றிக்கொண்ட போர்வையை மெதுவாகப் பிரிக்க ஆரம்பித்தார். முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது அவளுக்கு.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். இந்தத் திருகு தானா தளரலை. மொத தடவை மட்டும்தான் தானா. அப்புறமெல்லாம் நான்தான் கழட்டினேன்."

"தெரியும்மா. ரெண்டாவது வாரமே தெரியும். திருகு தலையில புதுக் கீறல் இருந்துச்சு."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. முந்தானையை எடுத்து ஈர விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ ஏண்ணே ஒண்ணும் சொல்லலை? எத்தனை பேர் வேலையை அப்படியே போட்டுட்டு, வாராவாரம் எனக்காக பஸ் ஏறி வந்திருக்கீங்க! நெனச்சாலே கூசுது. உங்க பொழப்பையே கெடுத்துட்டேனே, பாவி..."

மெக்கானிக் போர்வையின் கடைசிச் சுற்றைப் பிரித்தார். அதை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். கிளம்பத்தான் போகிறார் என்று அவள் கதவுப் பக்கம் ஒதுங்கி நின்றாள்.

அவர் நகரவில்லை.

"நான் கடையை மூடி ரெண்டு வருஷம் ஆச்சும்மா. எனக்கு போன் பண்றதே நீங்க ஒருத்தர்தான்."