மணல் சோதனை

மறுபடியும் அந்தத் தோள் திரும்பியது.

இரண்டாவது முறை. பின்னால் நின்ற பொறியாளர் பார்த்துவிட்டார்.

பாலைவன வெயிலில், மணலில் புரட்டி எடுத்த துப்பாக்கியை ஹவில்தார் வேடியப்பன் சுட்டுக்கொண்டிருந்தான். நடுவில் சட்டென்று உடம்பைத் திருப்பி, குறிப்பெடுப்பவருக்கு முதுகைக் காட்டினான். கை ஏதோ செய்தது. பிறகு மீண்டும் சுட்டான்.

அந்தத் துப்பாக்கி பொறியாளர் வடிவமைத்தது. பன்னிரண்டு வருட உழைப்பு. இன்று தேறினால் ராணுவத்துக்குப் போகும். பத்து முறைக்கு மேல் குண்டு சிக்கினால் குப்பைக்குப் போகும்.

பக்கத்து மேஜையில் வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்று, புது மாப்பிள்ளை மாதிரி காத்திருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இருக்கட்டும். திரும்பி நின்று வேண்டுமென்றே சிக்க வைக்கிறானோ? மணலை எதற்கு இவ்வளவு பொடியாகச் சலித்தார்கள்? இத்தனை பேர் இருக்க, ஒரு தமிழ்நாட்டுக்காரனை எதற்குச் சுட வைத்தார்கள்? நாளைக்கு, உங்கள் ஆள்தானே சுட்டான் என்று வாயை அடைக்கவா?

கடைசிக் குண்டும் முடிந்தது. சிக்கியது ஒன்பது முறை என்று எழுதிக்கொண்டார்கள்.

தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் அவனை மடக்கினார்.

"ரெண்டு தடவ திரும்புனியே, என்னய்யா பண்ணின?"

வேடியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"சிக்கிக்கிச்சு சார். அவங்க பாக்கறதுக்குள்ள தட்டி வுட்டுட்டேன். நம்மூருக்காரரு பண்ண துப்பாக்கி, தோத்துடக் கூடாதில்ல?"

வெள்ளந்தியாகச் சிரித்தான்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. ஒன்பதுதான். தேறியாயிற்று.

அவன் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடித்தான். கட்டைவிரலில் தோல் உரிந்திருந்தது.

இங்கே யாரும் திருப்பிச் சுடவில்லை. அதனால்தான் அவனுக்குத் தட்டிவிட நேரம் கிடைத்தது.

சோதனையை நடத்திய மேஜர் முடிவு எழுதிய காகிதத்தை நீட்டினார். ஆட்சேபம் ஏதும் உண்டா என்று கேட்டார்.

அவர் பேனாவை வாங்கவில்லை. ஒன்பது இல்லை, பதினொன்று என்றார். குறிப்பெடுத்தவர் கண்ணுக்கு இரண்டு தப்பிவிட்டன, சத்தத்தை வைத்து நான் கண்டுபிடித்தேன் என்றார்.

மேஜர் ஒன்பதை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினார்.

வேடியப்பன் நகரவில்லை. எதிரியிடம் விலைபோன ஆளைப் பார்ப்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.