தாடையின் திணை

பொருந்திவிட்டது.

செவ்வாய்க்கிழமை மண்ணில் கண்டெடுத்த இடப்பாதித் தாடையும், இப்போது சல்லடையில் அகப்பட்ட வலப்பாதியும் முசெம்பியின் உள்ளங்கையில் மயிரிழை இடைவெளியுமின்றி ஒன்றாயின.

சல்லடையின் மறுமுனையைப் பிடித்திருந்த உதவிப்பெண் கவதா கூவிய கூவலில், துர்க்கானா ஏரிக்கரையின் கருங்கற்களுக்கிடையே மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின.

முசெம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் இந்த வெயிலில் குனிந்து நடந்தவன். ஆதி மனிதர்களின் எலும்பைத் துணுக்குத் துணுக்காகப் பொறுக்கியவன். முழுத் தாடையை இன்றுதான் காண்கிறான். பதினெட்டு இலட்சம் ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த தாடை!

"மச்சான்! ஓடி வாங்க! இவரைப் பாருங்க!"

கூடார நிழலில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார் போதகர் கிதோமே. முசெம்பியின் மனைவிக்கு மூத்த அண்ணன். கோப்பையை வைத்துவிட்டு நிதானமாக எழுந்து வந்தார்.

"மச்சான்லாம் வீட்டோட. இங்க நான் போதகர். அப்புறம், 'இவரை' இல்ல, 'இதை'. பேச்சைக்கூடக் குரங்குகிட்டதான் கத்துக்கிட்டியா?"

அவர்களுடைய காம்பா மொழியில் மனிதரைச் சுட்டும் சொல் வேறு, விலங்கைச் சுட்டும் சொல் வேறு. மாற்றிச் சொன்னால் சிறுபிள்ளையும் சிரிக்கும். கிதோமேயோ வேதாகமத்தைக் காம்பா மொழியில் திருத்தும் குழுவில் பதினோராண்டு இருந்தவர். சுட்டுப்பெயர் ஒன்று பிசகினால் செபத்தையே நிறுத்திவிடுவார்.

அவர் ஊரிலிருந்து வந்த காரியம், முசெம்பியின் சட்டைப்பையில் நான்காக மடிந்து கிடந்தது. அந்தத் தாளில் ஒரே வாக்கியம்:

'விலங்கின் எலும்பை மனிதனின் எலும்பென்று நான் ஒருபோதும் கூறேன்.'

சபை மூப்பராக அவன் பெயரை முன்மொழிந்தவரும் கிதோமேதான். மற்றவர்கள் முணுமுணுத்தபோது, அவர்கள் வாயை அடைக்க அந்த வாக்கியத்தை எழுதியவரும் அவர்தான். கையொப்பமிட்டால் வரும் ஞாயிறன்று அவன் மூப்பர். இடாவிட்டால் ஆலயத்தில் என்றென்றைக்கும் கடைசி விசுப்பலகை.

மூன்று நாள்களாக அவன் கையொப்பமிடவில்லை. மறுக்கவும் மனம் வரவில்லை.

விசுவாசத்துக்கும் முத்திரைத்தாள் கேட்கத் தொடங்கிவிட்டார்களே! நாள்தோறும் முழங்கால்படியிட்ட பிறகே சல்லடையைத் தொடுபவன் அவன். தேவன் மனிதனை மண்ணால் உருவாக்கினார் என்பதை அவனுக்கா சொல்லித்தர வேண்டும்? அந்த மண்ணைச் சலிப்பவனே அவன்தானே! எத்தனை நாளில் உருவாக்கியிருக்க வேண்டும் என்று தேவனுக்கே தவணை குறிக்க இவர்கள் யார்?

"ஒரு குரங்கு கெடைச்சதுக்கா இந்தக் கூத்து? குடு, பாப்போம்" என்று கிதோமே கையை நீட்டினார்.

"பாத்துப் பிடிங்க போதகரே, கடிச்சிரப் போவுது!" என்றாள் கவதா.

"கடிக்கிறதுக்குப் பல்லு எங்கம்மா இருக்கு?"

சொன்ன பிறகுதான், தாம் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

ஒரு பல்கூட இல்லை.

இடப்பாதியில் பல்லில்லை என்பதை முசெம்பி செவ்வாய்க்கிழமையே கண்டிருந்தான். வலப்பக்கத்தால் மென்றிருப்பார் என்று எண்ணியிருந்தான். இப்போது வலப்பக்கமும் வெறுமை!

"செத்தப்புறம் விழுந்திருக்கும்" என்றார் கிதோமே.

"செத்தப்புறம் விழுந்தா குழி அப்படியே இருக்கும் மச்சான். இங்க குழியே இல்ல, தடவிப் பாருங்க! எலும்பு வளந்து மூடிருச்சு. பல்லெல்லாம் போனப்புறம் வருஷக்கணக்கா உயிரோட இருந்தாத்தான் இப்படி மூடும்!"

கிதோமே தடவிப் பார்த்தார்.

அவருடைய கட்டைவிரல் தாடையின் வழவழப்பான விளிம்பில், பழகிய வழியில் செல்வதுபோல், தடுமாறாமல் சென்றது. பல்லெல்லாம் கொட்டிப்போன தம் தந்தைக்கு அவித்த மக்காச்சோளத்தையும் பயற்றையும் மசித்து, ஒவ்வொரு வேளையும் அவர் ஊட்டுவது அந்த விரலால்தான். வேறெவரையும் ஊட்ட விடமாட்டார் என்று முசெம்பியின் மனைவி குறைபட்டுக்கொள்வதுண்டு.

"அந்தக் காலத்துல இங்க என்னத்தத் தின்னாங்க?" குரல் இறங்கியிருந்தது.

"பச்சைக் கறி, வேரு, கிழங்கு. எல்லாம் கடிச்சு இழுக்க வேண்டியது."

கிதோமேயின் விரல் மட்டும் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குச் சென்று மீண்டது.

"அப்ப இவருக்கு யாருடா மென்னு குடுத்தாங்க?"

கவதா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

முசெம்பி திருத்தவில்லை. வாயைத் திறந்தால் மகிழ்ச்சியில் கத்திவிடுவான். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துச் சல்லடையின் சட்டத்தின்மேல் விரித்தான். மறுபடி ஒரு முறை படித்தான். மூன்று நாள்களாகத் தொண்டையில் முள்ளாய்ச் சிக்கிய வாக்கியத்தில் இப்போது ஓரெழுத்துகூடப் பொய்யில்லை. விலங்கின் எலும்பை மனிதனின் எலும்பென்று அவன் ஒருபோதும் கூறான்.

முழுப்பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தாளை நீட்டினான்.

கிதோமே தாளைப் பார்த்தார். அதை வாங்கிக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை. ஒரு கையில் அடங்கும் தாடையை அவர் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டிருந்தார்.