கம்பத்தில் ஆள்

ஆக்ஸிஜன் சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது.

மகளை மார்பில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள் அம்மா. ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலா எலும்புகள் உள்ளே இழுத்துக்கொண்டன. பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் சும்மா நின்றது. கரன்ட் மட்டும் இருந்தால் அறைக் காற்றிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும்.

புயல் ஓய்ந்துவிட்டது. மழை ஓயவில்லை. ஆம்புலன்ஸ் பாதி வழியில் நிற்கிறது, விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று போனில் சொன்னார்கள்.

தெருமுனைக் கம்பத்தில் ஒரு லைன்மேன் ஏறியிருந்தார். கீழே இன்னொருவர். இரண்டு பேரும் அவள் கணவனோடு வேலை பார்த்தவர்கள். அவள் தம்பி ஓடிப்போய்க் கேட்டதற்கு, எவ்வளவு அடித்துப் பிடித்தாலும் சாயங்காலம் ஆகிவிடும் என்றார்கள்.

தம்பி தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டினான். எல்லார் வீட்டு இன்வெர்ட்டரும் படுத்துவிட்டிருந்தது.

எதிர்வீட்டு மாவு மில்காரரை மட்டும் அவன் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று தெருவுக்கே தெரியும். ஜெனரேட்டர் வைத்துக்கொண்டே இருட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர். கோணி போர்த்தி அதைத் தாலாட்டித் தூங்க வைத்திருக்கிறார் என்று கேலி பேசுவார்கள்.

அவர்தான் வந்தார். கூப்பிடாமலே.

தள்ளுவண்டியில் ஜெனரேட்டர், அதன்மேல் சுருட்டி வைத்த தடித்த கேபிள். முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தார்.

புகை குழந்தைக்கு ஆகாது என்று வண்டியைத் தெருவிலேயே, ஜன்னல் இல்லாத பக்கம் நிறுத்தினார். வீட்டிலிருந்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் அவ்வளவு தூரத்துக்குத் தாங்காது, உருகிவிடும். மில் கேபிளை மாடிப்படி வழியாக இழுத்துப்போய், அவர்கள் குடியிருக்கும் மாடிப் போர்ஷனின் சின்ன பிரேக்கர் பெட்டியில் கொடுக்கலாம் என்றார்.

பெட்டியைத் திறந்தார். கீழ்வீட்டிலிருந்து கரன்ட் ஏறி வரும் மெயின் பிரேக்கரை அணைத்தார். கீழே இறங்கி அங்கேயும் அணைத்துவிட்டு வந்தார். வெந்நீர் ஹீட்டருக்கான பிரேக்கரில் ஹீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேபிளை முடுக்கினார். வெளியே போகிற வழியில் கரன்ட் உள்ளே வரும். உள்ளே வந்தால் மெஷினுக்குப் போதும்.

அது தப்பித் தவறி மெயின் வழியாக இறங்கிவிட்டால் கீழ்வீட்டைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்பார்மரில் பல மடங்காகி, கம்பத்தில் கை வைத்திருப்பவனிடம் போய் நிற்கும்.

அதனால் மெயினை அணைத்தது போதாது என்று அதன் இரண்டு ஒயர்களையும் உருவி, தனித்தனியாக டேப் சுற்றினார். டெஸ்டர் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, கல்யாணப் பொண்ண ஜோடிக்கிற மாதிரி ஜோடிச்சுக்கிட்டு இருக்கீங்க. அங்க புள்ள உதடு நீலமாயிடுச்சு."

அவர் இறங்கித் தெருமுனைக்கு ஓடி, ஜெனரேட்டர் போடப்போவதை லைன்மேன்களிடம் சொல்லிவிட்டு, தண்ணீரைக் கலக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

முள் சிவப்பைக் கடந்து அடியில் படுத்துவிட்டது.

கீழே ஜெனரேட்டர் சத்தமே இல்லை. அம்மா ஒரு நிமிஷம் பார்த்தாள். குழந்தையைத் தம்பி மடியில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

போகிற போக்கில் பெட்டியைப் பார்த்தாள். மெயினில் ஒயர் இல்லை. டேப் சுற்றிய இரண்டு முனைகளும் காற்றில் தொங்கின. லைன்மேன் வீட்டில் வாழ்ந்தவள். பார்த்தாலே தெரியும்.

மில்காரர் ஜெனரேட்டரின் இழுகயிற்றைப் பிடித்தபடி நின்றார். இழுக்கவில்லை. கண் கம்பத்தின் மேலேயே இருந்தது. அவள் வந்ததும், கம்பத்தில் ஆள் இருக்கிறது, பெட்டியை நீயும் ஒரு தடவை பார்த்துவிடம்மா என்றார்.

பார்த்துவிட்டேன் என்றாள்.

சரியாகப் பார்த்தாயா என்று கேட்டார். பதில் வந்த பிறகும் கேட்டார். முகம் முழுக்க மழை.

அவள் அவர் விரல்களிலிருந்து கயிற்றின் பிடியை மெல்ல விடுவித்தாள்.

"எங்க வீட்டுக்காரரு கம்பத்துலேயே செத்துத் தொங்குனாரே, அன்னைக்குக் கம்பியில கரன்ட் ஏத்துனது எந்த வீட்டு ஜெனரேட்டர்னு நான் யாரையும் கேக்கல, அண்ணே. இன்னைக்கும் கேக்க மாட்டேன். வேலைய ஒழுங்கா செஞ்சிருக்கீங்க. நகருங்க."

அவர் நகர்ந்தார்.

அவள் இழுத்த முதல் இழுப்பில் ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. மாடியிலிருந்து தம்பியின் குரல் கேட்டது, மெஷின் ஓடுகிறது என்று. அவள் படிகளில் ஓடினாள்.

மில்காரர் மழையில் அங்கேயே நின்றார். கம்பத்தில் இருந்தவர் வெறுங்கையால் கம்பியை வளைத்து முறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார், அந்த மனிதர் இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை.