நாள் தப்பாமல்

அவர் விரலை உயர்த்தினார்.

அவள் வாசிப்பதை நிறுத்தினாள்.

"புதன் இல்லம்மா. செவ்வாய். நான் பதவி ஏத்துக்கிட்டது செவ்வாய்க்கிழமை."

அடித்துத் திருத்தினாள்.

பதினோரு மாதமாக இதுதான் வேலை. காலையில் அவர் தன் வாழ்க்கையைச் சொல்வார், அவள் சுருக்கெழுத்தில் எடுப்பாள். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வாசிப்பாள், அவர் கண்ணை மூடிக் கேட்பார். எண்பத்தொன்பது வயதில் பார்வை போய்விட்டது. நினைவு மட்டும் கல்லுப்போல இருந்தது. எந்த ஊர்க் கூட்டத்தில் எந்தத் தேதியில் மழை பிடித்துக்கொண்டது என்பதுவரை சொல்வார். தப்பான தேதி ஒன்று காதில் விழுந்தால் மனிதருக்குப் பொறுக்காது. விரல் தானாக மேலே போகும்.

மூன்று முறை மத்திய அமைச்சர். 'முதலில் ஒழுங்கு, பிறகு உரிமை' என்று மேடைக்கு மேடை சொன்னவர். விவாகரத்தை எளிதாக்க வந்த மசோதாவை எதிர்த்து நாலு மணி நேரம் நின்றுகொண்டே பேசியவர். பாதி நாடு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. மீதிப் பாதி கொடும்பாவி கொளுத்தியது. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது, வேட்டி நான்குதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவளிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பு. பெண்பிள்ளை இருட்டில் போகக் கூடாதாம்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு.

இன்று காலை, நாளைக்கு லீவு கேட்டாள். அப்பா திதி என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தக் காலத்துல யாரும்மா இதெல்லாம் பாக்கறாங்க? நல்லது. நாள் தப்பாம செய்யணும். நாள் தப்பினா அவங்களுக்குப் போய்ச் சேராது."

அப்பா யார் என்று கேட்கவில்லை.

கன்னியப்பன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், சங்கச் செயலாளர். வேலைநிறுத்தத்தின்போது, இந்த மனிதர் கொண்டுவந்த சட்டத்தில்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். வடக்கே ஏதோ ஒரு சிறை. பிறகு ஒரு தந்தி. ஜூலை எட்டாம் தேதி காய்ச்சலில் இறந்தார் என்று இருந்தது. உடல் வரவில்லை. அப்படி ஒரு பெயரையே தான் கேள்விப்பட்டதில்லை என்று விசாரணைக் கமிஷன் முன்னால் அமைச்சர் சத்தியம் செய்தார்.

அம்மா, தந்தியில் இருந்த தேதிக்குப் பஞ்சாங்கம் பார்த்துத் திதி குறித்துக்கொண்டாள். நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட விட்டதில்லை. வாழைக்காய், பூசணி, எள்ளுருண்டை. இலை போட்டுக் காக்கைக்கு வைத்த பிறகுதான் பச்சைத் தண்ணீர் குடிப்பாள்.

அந்தப் பெயரை அவர் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும். அதற்காகத்தான் மகள் இந்த வேலைக்கு வந்தாள்.

பதினோரு மாதம் காத்திருந்தாள். இன்று காலை அந்த வருடம் வந்தது. அவர் அதை ஒன்பது வரியில் முடித்துவிட்டுக் காசி யாத்திரைக்குப் போய்விட்டார்.

இப்போது அந்த ஒன்பது வரியை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ஜூன் இருபதாம் தேதி அவையில் எழுந்து, காவலில் உள்ள இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் நலமாக இருக்கிறார்கள் என்று அறிவித்தேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை."

அவர் தலையசைத்தார்.

அடுத்த வரி நோட்டில் இல்லை. அதையும் அதே குரலில் வாசித்தாள்.

"துறைமுகச் சங்கத்தின் கன்னியப்பன், ஜூலை எட்டாம் தேதி சிறையில் இறந்தார்."

யார் அது என்று கேட்பார். அல்லது வெளியே போ என்பார். இரண்டுக்கும் தயாராக இருந்தாள்.

விரல் உயர்ந்தது.

"ஜூலை இல்லம்மா. ஜூன் பதினாறு. விடியக்காலை."

பென்சில் பழக்கத்தில் எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் அவள் அதைப் படித்தாள்.

உயர்த்திய விரலை அவர் இறக்கவில்லை. பதினாறுக்குப் பிறகுதான் இருபது வரும் என்பது அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இதை நான் காலையில சொல்லலையே" என்றார் கடைசியில்.

"சொல்லலைங்க ஐயா."

அவர் அவள் பக்கம் திரும்பினார். பார்க்க முடியாத கண்களால் வெகுநேரம் பார்த்தார்.

அம்மா இந்நேரம் வாழைக்காய் வாங்கியிருப்பாள். இலைக்குச் சொல்லி வைத்திருப்பாள். மகளுக்கு அழுகை வரவில்லை. நாற்பது வருடம், நாற்பது இலை. ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. இவர் சொன்ன கணக்குப்படியே பார்த்தாலும் சேரவில்லை.

"நாளைக்கு லீவு வேண்டாங்க ஐயா" என்றாள். "நாங்க நாள் தப்பிட்டோம்."

அவர் விரல் மெதுவாக மடியில் இறங்கியது.

அவள் புதுப் பக்கத்தைத் திருப்பினாள். தேதியைச் சுருக்கெழுத்தில் எழுதாமல், முழு எழுத்தில் எழுதினாள்.

"ஜூன் பதினாறு, விடியக்காலை. மேல சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியே வெயில் சுவரைவிட்டு இறங்கிப் போயிற்று. பக்கத்து வீட்டில் விளக்கு ஏற்றி மணி அடித்தார்கள்.

வீட்டுக்குப் போ என்று அவர் சொல்லவில்லை.

அவளும் எழுந்திருக்கவில்லை.