பிழையில்லாத மூன்று மாதம்

"இன்னொரு தப்பு வந்தா வேலை போயிரும்" என்று போடி ஏலக்காய் கம்பெனி மேனேஜர் எச்சரித்த பிறகு, மூன்று மாதமாக குமாஸ்தா யூனுஸின் கடிதங்களில் பிழையே இல்லை.

அவற்றை அனுப்பிவைக்கும் அனுசியாவோ எந்த வேலையையும் நேரத்துக்கு முடிப்பதில்லை.

"கவனம் வேணும்க்கா. என்னையப் பாத்துக் கத்துக்கங்க" என்றான் யூனுஸ், எல்லார் முன்னாலும். அவள் தலையாட்டினாள்.

மறுவாரமே, வேலையில் தாமதமென்று அவளைப் போடிமெட்டுக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டே நாளில் யூனுஸின் மூன்று கடிதங்கள் பிழையென்று திரும்பி வந்தன. குழம்பிப்போய் அவளுக்குப் போன் செய்தான்.

"மூணுதானா தம்பி? தெனமும் ஒங்க கடுதாசியெல்லாம் திருத்தி அனுப்பிட்டுத்தான் எஞ்சோலியத் தொடுவேன். பிள்ளகுட்டிக்காரரு, வேலை போயிரக் கூடாதேன்னுதான்."

யூனுஸ் கூசிப்போனான். உண்மையை எந்த முகத்தோடு சொல்வதென்று தெரியாமலே எழுந்துபோய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினான்.